நடேசன் வீட்டுப் பாத்ரூம்

சிங்காரிக்கு வலி எடுத்தபோது நான் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மரகதம் பொதுச்சுவரைத் தட்டினாள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. சங்கத்து மேற்பார்வையாளர் தெருவுக்குள் நுழைந்தால் ஒரு தட்டு, அவர் போய்த் தொலைந்தால் இரண்டு தட்டு. அன்றைக்கு அவள் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். கீரையை அப்படியே போட்டுவிட்டு, அடுப்பை இழுத்து அணைத்துவிட்டு ஓடினேன்.

மரகதம் அவர்கள் வீட்டுப் பாத்ரூம் வாசலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பாத்ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் பாத்ரூம் என்றால் ஓர் ஆள் உள்ளே நின்று திரும்பினால் முழங்கை இடிக்கும். நடேசன் கட்டியது மட்டும் அவர்கள் கூடத்தைவிடப் பெரியது. கல்நார் கூரை, அகலக் கதவு, சரிவாகப் பூசிய தரை, சுவரை ஒட்டி நீளமாக ஒரு சிமெண்டுத் தொட்டி. யாராவது கேட்டால், "எங்க வூட்டுக்காரருக்கு கைகால நீட்டிக் குளிச்சாத்தாங்க திருப்தி" என்பாள் மரகதம். நடேசன் ஆளே ஐந்தடிதான். அந்தப் பாத்ரூமில் இரண்டு வருஷமாகக் குடியிருந்தது சிங்காரி என்கிற செவலைப் பசு.

இது நடந்தது எண்பத்து நாலில். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில், கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் மனை பிரித்து வீடு கட்டிக்கொள்ளக் கொடுத்திருந்தது. என் வீட்டுக்காரர் யேசுராஜும் நடேசனும் மறைமலை நகரில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை. தெருவில் மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அதுவரைக்கும் ஏர் பிடித்த கைகள், சங்கு ஊதினால் ஓடப் பழகிக்கொண்டிருந்த காலம். குடியிருப்பு முகப்பில் நீலப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். குடியிருப்பு மனைகளில் ஆடு, மாடு, கோழி முதலியவை வளர்க்கக் கூடாது, மீறினால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்துக் கிராமத்து ஆடுகள் வந்து அந்தப் பலகைக் காலில்தான் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

மரகதம் சேரப்பணஞ்சேரிக்காரி. மாடு இல்லாத வீட்டில் தனக்குப் பொழுது விடியாது என்று சொன்னவள். புது வீட்டுக்குக் குடிவர நடேசன் கூப்பிட்டபோது, சிங்காரி வந்தால்தான் நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். நடேசனுக்கு வீடும் வேண்டும், பெண்டாட்டியும் வேண்டும். அதனால்தான் அந்தப் பாத்ரூம். பிடிபட்டால் இரண்டில் ஒன்று நிச்சயம் போய்விடும் என்று தெருவுக்கே தெரியும். அதனால் தெருவே சேர்ந்து மறைத்தது. வைக்கோல் மெத்தை உறைக்குள் அடைத்து வரும். நடேசன் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சைக்கிள் கேரியரில் சாணி சிமெண்டுப் பையில் போகும். நாற்றம் தெரியாமல் இருக்க மரகதம் காலையும் மாலையும் சாம்பிராணி போடுவாள். சிங்காரி கத்தினால் நாலு வீட்டில் ரேடியோ சத்தம் கூடும். ஒருமுறை மேற்பார்வையாளர் நின்று காதைத் தீட்டியபோது எதிர்வீட்டு சாலமோன் கொஞ்சமும் அசராமல், "கம்பெனி சங்கு சார், காத்து இந்தப் பக்கமா அடிக்குது" என்றார். சாலமோன் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லுகிறவர். மாடு அப்போது பால் வற்றிப்போய்ச் சினையாக இருந்தது. ஒரு சொட்டுப் பால்கூடக் கிடைக்காத மாட்டுக்காக ஒரு தெருவே இவ்வளவு பொய் சொன்னது என்றால் அது எப்படிப்பட்ட தெரு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தெருமேல் இன்றைக்கும் கொள்ளை ஆசை.

மேற்பார்வையாளர் சுப்பராயன் தெருவின் முதல் வீட்டில், அந்த நீலப் பலகைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை. ஒல்லி, நெட்டை, எப்போதும் காதில் ஒரு பென்சில். ஒருநாளும் அதிர்ந்து பேசமாட்டார், ஒருநாளும் விட்டும் கொடுக்கமாட்டார். வாராவாரம் வீடு வீடாக வந்து கொல்லைப்பக்கம் எட்டிப் பார்ப்பார். மூன்றாவது தெருவில் ஒருவர் எருமை கட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, ஒரே வாரத்தில் அவரைச் சட்டிபானையோடு காலி செய்ய வைத்த மனிதர். நடேசன் வீட்டுச் சாம்பிராணியை முகர்ந்துவிட்டு மட்டும், "பக்தியான குடும்பம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்ள வாயில் முந்தானையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உச்சிவேளைக்குக் கன்று விழுந்தது. கிடேரி. நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, மற்றபடி அம்மா நிறமேதான். சிங்காரி நக்க நக்க அது தள்ளாடி எழுந்து, சறுக்கி, மறுபடி எழுந்து, கடைசியில் நாலு காலையும் நாலு பக்கம் விரித்துக்கொண்டு நின்றது. மரகதம் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். முதல் ஷிப்டு முடிந்து வந்த நடேசன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கன்றின் காதைப் பிடித்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிப் பையில் கட்டிக்கொண்டு ஒரகடம் சாலை ஆலமரத்துக்குப் போனான். பால் உள்ள மரத்தில் கட்டினால்தான் மாட்டுக்குப் பால் சுரக்கும். குடியிருப்பில் சங்கம் நட்ட மரங்கள் இடுப்பளவுகூட வளரவில்லை.

சாயங்காலம் மரகதம் சீம்பாலைக் கறந்து, வெல்லம் கலந்து ஏலக்காய் தட்டிப் போட்டு, இட்லிப் பானையில் அவித்து எடுத்தாள். கத்தி வைத்தால் பளபளவென்று துண்டு விழுந்தது. சீம்பாலை விற்கக் கூடாது, தனியாகத் தின்னவும் கூடாது, தெருவில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அவள் கிண்ணங்களை வரிசையாக அடுக்கினாள். நான் பார்த்தேன். தெருவில் எத்தனை வீடோ அத்தனை கிண்ணம்.

"மொத வூட்டுக்குமா?" என்றேன்.

"எல்லா வூடுன்னா எல்லா வூடுதாங்க்கா."

நடேசன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். "இன்னாமே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ரெண்டு வருசமா மூடி மறைச்சிக்கினு வந்ததை நீயே கிண்ணத்துல வச்சி எடுத்துக்கினு போயி நீட்டுவியா?"

"ஒரு வூட்ட வுட்டுட்டுக் குடுத்தா கன்னு நெலைக்காது."

"அந்த வூட்டுக்குக் குடுத்தா நம்ம வூடே நெலைக்காது."

அவள் கிண்ணங்களில் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஊர்லேர்ந்து ஒங்கம்மா குடுத்தனுப்பிச்சாங்கன்னு சொல்லிக் குடுத்துடேன் மரகதம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "பொய் சொல்லிக் குடுத்தா அது குடுத்தா மாதிரியாக்கா?" என்றாள். மெத்தை, சாம்பிராணி, ரேடியோ, பாத்ரூம் என்று இரண்டு வருஷம் வாய் கூசாமல் புளுகியவள். இதில் மட்டும் ஒரு சின்னப் பொய் அவளுக்கு ஆகவில்லை. எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. ஆனால் பாத்ரூமுக்குள்ளிருந்து அந்தக் கன்று மெதுவாக ஒரு குரல் கொடுத்தது. கொடுக்காமல் விட்டு, நாளைக்கு அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் தாங்கமாட்டாள் என்று புரிந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். நடேசன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

மற்ற வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக முதல் வீட்டுக் கதவைத் தட்டினோம். சுப்பராயனே திறந்தார். பனியனோடு நின்றார், காதில் அப்போதும் பென்சில். பின்னால் அவர் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தார். அதிகம் பேசாத பெண்மணி. மரகதம் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டினாள். அவர் மூடியிருந்த இலையை விலக்கிப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடியபடி மென்றார். 

"கெடேரியா, காளையா?" என்றார்.

"கெடேரி சார்," என்றாள் மரகதம். சொன்ன பிறகுதான் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு கிண்ணத்தைச் சரோஜாவிடம் கொடுத்தார். "காலைல வர்றேன்," என்றார். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகவில்லை, சாலமோன் ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. தெரு முழுக்க வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றுகொண்டிருந்தது. மாட்டைப் பொழுது விடிவதற்குள் சேரப்பணஞ்சேரிக்கு ஓட்டிவிடலாம் என்று நடேசன் சொல்லிப் பார்த்திருக்கிறான். கன்று போட்ட மாடு அவ்வளவு தூரம் நடக்காது என்று மரகதம் மறுத்துவிட்டாள். போவதென்றால் சேர்ந்தே போகலாம், பாத்திரம் பண்டத்தைக் கட்டு என்றிருக்கிறாள். அவன் நிஜமாகவே இரண்டு குண்டான்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தான்.  எங்கள் பொதுச்சுவருக்கு அப்பால் வேறு யாரோ வந்து குடியிருப்பார்கள் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

சுப்பராயன் வந்தார். நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் திறந்தார். சிங்காரி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது. கன்று வந்து அவர் வேட்டி நுனியைச் சப்பியது. அவர் சுற்றிலும் பார்த்தார். தொட்டி, சாய்வுத் தரை, மேலே கொடியில் காய்ந்த மெத்தை உறைகள். மூலையில் சாம்பிராணித் தட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று நெளிந்தது.

"இந்த மாட்டை ஏம்மா மறைச்சீங்க?"

மரகதம், "பலகைல எழுதிக்கீதே சார்," என்றாள்.

"மனைல வளக்கக் கூடாதுன்னுதான் எழுதிக்கீது. ஏரிப் பக்கம் நாலு கல் நட்டு வச்சிருக்கே, அது இன்னா எடம்னு தெரியுமா?"

எல்லோருக்கும் தெரியும். அது சுடுகாட்டுக்கு ஒதுக்கிய இடம். அந்தப் பக்கம் பொழுது சாய்ந்தால் ஒருத்தரும் போகமாட்டோம். யேசுராஜ் அதைச் சொன்னார்.

சுப்பராயன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அது மாட்டுக் கொட்டாய்க்கு வுட்ட எடம்யா. மனை பிரிக்கும்போதே அப்பிடித்தான் அனுமதி வாங்கினாங்க. வூட்டுல வச்சிக்கக் கூடாது, அங்க வச்சிக்கலாம். ஒரு தெருவுல பத்து வூட்டுலயாவது ஆடு, மாடு, கோழி இருந்தா சங்கம் கொட்டாய் போட்டுத் தரணும். நானும் வாராவாரம் சுத்தி வந்து பாக்கறேன், அந்த எருமைய வுட்டா ஒரு வூட்டுலயும் ஒண்ணும் இல்ல. இல்லன்னு எழுதி எழுதி எனக்கே சலிச்சிப்போச்சி. ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு எவன் கொட்டாய் போடுவான்?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்," என்றேன் நான்.

"யாராண்ட சொல்றது? நான் தெருவுல காலை வச்சா எல்லாரும் கதவைச் சாத்திக்கினு ரேடியோ வைக்கிறீங்க."

 அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் சங்கத்தில் கூட்டம் என்றார். குடியிருப்பில் கால்நடையே இல்லை, அந்த இடத்தையும் மனையாகப் பிரித்து விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கப் போகிறார்களாம். அதற்குள் பத்து வீட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் தடுக்கலாம். கொடுக்க முடியாவிட்டால் தாம் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியாக வேண்டும். சிங்காரி வெளியே போகும், இல்லையென்றால் நடேசன் வீடு போகும். "இன்னிக்குத் தானா சொல்றவங்க மேல நடவடிக்கை இல்ல. நாளைக்கு நானா கண்டுபிடிச்சா அது வேற," என்று தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

 எருமைக்காரரைச் சட்டிபானையோடு அனுப்பியவர் சொல்கிற வார்த்தையை எப்படி நம்புவது? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மரகதம் யாரையும் பார்க்கவில்லை. கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் யேசுராஜைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் விடுவிடுவென்று எங்கள் வீட்டுக்குள் போனேன்.

எங்கள் கூடத்து மூலையில் கம்பெனியிலிருந்து வந்த பெரிய மரப்பெட்டி ஒன்று உண்டு. பூப்போட்ட துணி விரித்து, மேலே மாதா சுரூபம் வைத்திருந்தோம். சுரூபம் இருக்கிற பெட்டியை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். கிறிஸ்மஸுக்கென்று சுங்குவார்சத்திரம் சந்தையில் குஞ்சாக வாங்கி வந்த வான்கோழி அதற்குள் ஏழு மாதமாக வளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஜெபமாலை சொல்லும்போது அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டு மரகதத்துக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. மாதாவை மேசைக்கு மாற்றிவிட்டு வான்கோழியை அணைத்துத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் வந்து நின்றேன். அது கழுத்தை நீட்டி ஒரு கூச்சல் போட்டது.

"எழுதிக்கோங்க சார்," என்றேன். 

மரகதம் வாயைப் பிளந்தாள். "அக்கா, நான் அந்த சத்தத்தை ஒன் கொறட்டைன்னு இல்ல நெனச்சிக்கினு கீறேன்."

முதலில் சிரித்தது மூன்றாம் வீட்டுப் பாப்பம்மாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் அரிசி டிரம்மை உருட்டி வந்தாள். அதற்குள் இரண்டு பெட்டைக் கோழிகள். சாலமோன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டி முடிக்காத தம் மாடியைப் பார்த்து விசில் அடித்தார். தாயும் குட்டியுமாக மூன்று ஆடுகள் கைப்பிடி இல்லாத படியில் வரிசையாக இறங்கி வந்தன. அடுத்த வீட்டுச் சந்திரம்மாள் துணி வைக்கிற தகரப் பெட்டியோடு வந்தாள், மூடியில் ஆணியடித்த ஓட்டைகள் வழியே புறாக்கள் முனகின. கோடி வீட்டுத் தாண்டவராயன் ஒரு கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தார். இன்னும் மூன்று வீட்டிலிருந்து கோழிக்கூடைகள் வந்தன. சிங்காரியை மறைக்க எல்லோரும் ஒன்றாகப் பாடுபட்டோம். தம் வீட்டில் இருந்ததை மட்டும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமிருந்தும் மறைத்திருந்தோம். இரண்டு வருஷம் அத்தனை ரேடியோவும் எதற்காக அலறியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெருவே திருவிழாபோல் ஆகிவிட்டது. கிடா வான்கோழியை முட்டப் போக, நான் கத்த, பிள்ளைகள் ஓட, நடேசன் சாக்கிலிருந்த குண்டான்களில் ஒன்றைப் பிரித்து எடுத்து அதில் எல்லாவற்றுக்கும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"புறாவெல்லாம் கணக்குல சேருமா சார்?" என்று சந்திரம்மாள் கேட்டாள்.

"சேரும். நான் சேத்துக்கறேன்," என்றார் சுப்பராயன். சாலமோன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். அதில் ஒரு சங்கடம் வந்தது. ஒதுக்கீடெல்லாம் ஆண்கள் பேரில் இருந்தது. முன்னால் வந்து நின்றது பெரும்பாலும் பெண்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் தன் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லுவாள்? "வூட்டுக்காரர் பேரு?" என்று அவர் கேட்பார். நிற்கிறவள் நெளிந்துகொண்டு பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவள் சொல்லுவாள். நடேசன் பேரை நான் சொன்னேன், யேசுராஜ் பேரை மரகதம் சொன்னாள். பாப்பம்மாள் வீட்டுக்காரர் பேரைத் தெருவே சேர்ந்து சொன்னது. அப்படியே ஒன்பது வீடு ஆயிற்று.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. மிச்சமிருந்த வீட்டுக்காரர்கள் வெறுங்கையை விரித்தார்கள். அவர்களிடம் நிஜமாகவே ஒன்றும் இல்லை. ஒருத்தர் மட்டும் வெட்கத்தோடு, தம் வீட்டில் நிறைய எலி இருப்பதாகச் சொன்னார். சுப்பராயன் தலையை ஆட்டினார். அவருக்கே மனசில்லை என்பது தெரிந்தது. "இன்னும் ஒரு வூடு. ஒரே ஒரு வூடு இருந்தா போதும்," என்று தாளைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். மரகதம் எழுந்து நின்று தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து ஒரு வீட்டில் தவறிப்போகிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது தெருவின் அந்த முனையிலிருந்து கூட்டம் விலகிக்கொண்டே வந்தது. சரோஜா வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு கறுப்புப் பெட்டைக் கோழி, அதன் இறகுக்கடியிலிருந்து தலை நீட்டிக்கொண்டு ஏழெட்டுக் குஞ்சுகள். குடியிருப்பில் அத்தனை பேர் கொல்லையையும் எட்டிப் பார்த்த மனிதர் தன் வீட்டு அடுப்படியை ஒருநாளாவது எட்டிப் பார்த்திருப்பாரா?  சாலமோன் வாயைப் பொத்திக்கொண்டார். சரோஜா நேராக வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

யாரோ வந்து நிற்பது தெரிந்து, குனிந்த தலை நிமிராமலே சுப்பராயன் பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டார். "இன்னா வச்சிருக்கீங்க?"

"கோழியும் குஞ்சும்," என்று மரகதம் முந்திக்கொண்டு சொன்னாள்.

எழுதினார். "வூட்டுக்காரர் பேரு?"

சரோஜா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மரகதத்தைப் பார்த்தேன். மரகதம் பாப்பம்மாளைப் பார்த்தாள். 

"யாராவது பேரைச் சொல்லுங்கம்மா," என்றார் அவர். கூடை விளிம்பில் ஏறிய ஒரு குஞ்சு தடுமாறி அவர் முழங்காலில், எழுதிக்கொண்டிருந்த தாளின் மேலேயே விழுந்து, எழுந்து, சிறகை உதறிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.